முதலில் காதைப் பார்க்க வேண்டும்

ஜூலை மாதம், இரவு பத்தரை மணி இருக்கும். கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் ஒரு ஹோட்டல் அறையில், முன்பின் தெரியாத ஓர் அம்மாவின் கட்டிலருகே மண்டி போட்டுக்கொண்டு, சின்ன டார்ச் அடித்து ஒரு பிளாஸ்டிக் குதிரையின் காது நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து தம்பி போன் செய்தான். "எங்க இருக்க?" என்றான். "வெளியூர்ல ஒரு சின்ன வேலை" என்றேன். ஐம்பத்திரண்டு வயது ஆளுக்கு இந்தப் பொய் தேவைதானா என்று யோசித்தபடியே இன்னொரு காதுக்கு டார்ச்சைத் திருப்பினேன். வலது காது நுனியில் கடுகளவுக்குப் பெயின்ட் போயிருந்தது. இருபது டாலர் குறைத்துக் கேட்டேன். அந்த அம்மா சிரித்தார். ஆனால் பத்துக்கு மேல் குறைக்கவில்லை.

சரி, ஒளித்து வைத்து என்ன ஆகப் போகிறது, எழுதிவிடுகிறேன். நான் பொம்மைக் குதிரை சேர்க்கிறேன். அந்த ஹோட்டல் அறைக்குப் போனதும் அங்கே விற்பனைக்கு வைத்திருந்த குதிரையைப் பார்க்கத்தான். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது வீட்டில் நூற்று நாற்பது சொச்சம் இருக்கின்றன. என் மனைவியின் கணக்கில் இருநூறு. சின்னதுகளையும் எண்ணுகிறாள்.

தொடங்கியது நானில்லை, மகள். அவளுக்கு எட்டு வயது. சின்சினாட்டி பக்கம் நாங்கள் குடியிருந்த ஊரில் விவசாயிகளுக்கான கடை ஒன்று உண்டு, கோழித்தீவனம், வேலிக்கம்பி, ரப்பர் பூட்ஸ் எல்லாம் விற்பார்கள். தோட்டத்துக்கு உரம் வாங்கப் போன இடத்தில், பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையளவு குதிரை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். ஐந்தாறு டாலர்தான், வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வாரமும் உரம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டாள். அப்படியே மூன்று நான்கு வருஷம் ஓடியது. பதின்மூன்று வயதில் ஒரு நாள் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டு, "யாருக்காவது குடுத்துடுங்கப்பா" என்று சொல்லிவிட்டாள். கொடுக்கலாம் என்றுதான் பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். அதோடு நான் மாட்டிக்கொண்டேன்.

இவை பெரும்பாலும் பிரையர் கம்பெனிக் குதிரைகள். அமெரிக்காவில் குதிரை சேர்ப்பது என்றால் பத்தில் எட்டுப் பேருக்கு முதலில் அந்தப் பெயர்தான் வாயில் வரும். அந்தக் கம்பெனி குதிரை செய்யத் தொடங்கியதே தற்செயல்தான். சிகாகோவில் அச்சில் பிளாஸ்டிக் வார்த்துக் கொடுக்கும் தொழிற்சாலையாக இருந்தது. 1950 வாக்கில் ஒரு கடிகாரக் கம்பெனி, மேஜைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் நிற்க வைக்கச் சேணம் பூட்டிய குதிரை ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறது. வேலை முடிந்தபின் அந்த அச்சு இவர்கள் கைக்கே வந்துவிட்டது. கடிகாரம் இல்லாமல் குதிரையை மட்டும் விற்றுப் பார்த்தால் மக்கள் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். கடிகாரத்தை விட்டுவிட்டுக் குதிரையை மட்டும் விரும்பிய அந்த முதல் கூட்டத்தை நினைத்தால் எனக்கு என்னவோ சொந்தக்காரர்களை நினைத்த மாதிரி இருக்கும். பிறகு கிறிஸ் ஹெஸ் என்ற சிற்பி முப்பது ஆண்டுக்கும் மேலாக அவர்களுக்கு அச்சு மேல் அச்சாகச் செய்து கொடுத்தார். 1984-இல் கம்பெனி ரீவ்ஸ் இன்டர்நேஷனல் என்ற நிறுவனத்திடம் கைமாறி நியூ ஜெர்சிக்குப் போனது. பிறகு வார்ப்பதும் கையால் பெயின்ட் அடிப்பதும் சீனாவுக்குப் போய்விட்டன.

அளவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியது 'டிரெடிஷனல்', நிஜக் குதிரையில் ஒன்பதில் ஒரு பங்கு. அடுத்தது 'கிளாசிக்', பன்னிரண்டில் ஒரு பங்கு. மகள் பில் மேஜைக்குப் பக்கத்திலிருந்து தூக்கி வந்தது 'ஸ்டேபிள்மேட்', முப்பத்திரண்டில் ஒரு பங்கு, 1975-இலிருந்து வருகிறது. நடுவில் வேறு சில அளவுகளும் உண்டு, அவற்றில் எனக்கு ஈடுபாடில்லை.

இனி என் முதல் போட்டிக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் எனக்குச் செருப்படி விழுந்தது. பொம்மைக் குதிரைக்குப் போட்டி நடக்கும், தெரியுமா? லைவ் ஷோ என்பார்கள். பள்ளிக்கூட ஹால் மாதிரி ஓர் இடம், நீள நீள மேஜைகள், ஒவ்வொரு பிரிவுக்கும் அழைக்கும்போது நம் குதிரையைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். காலில் நூலால் சின்னச் சீட்டு ஒன்று கட்டியிருப்பார்கள், பிள்ளைக்குத் தாயத்துக் கட்டின மாதிரி. அதில் குதிரையின் பெயர், இனம், பால் எல்லாம் இருக்கும். நடுவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜையைச் சுற்றிச் சுற்றி வருவார். தொட மாட்டார். முதல் பரிசுக்கு நீல ரிப்பன், இரண்டாவதுக்குச் சிவப்பு. கணினி வருவதற்கு முன்னால் இதையே தபாலில் நடத்தியிருக்கிறார்கள். குதிரையை வெளியே புல்தரையில் வைத்து, நிஜம் போலத் தெரியும்படி தாழ்ந்து படுத்துப் படம் பிடித்து, அந்தப் படங்களை நடுவருக்கு அனுப்புவார்களாம்.

என்னிடம் அறுபதுகளில் தொடங்கிப் பல ஆண்டுகள் வந்த அரேபியக் குடும்பத்து ஆண் குதிரை ஒன்று இருந்தது. அமெரிக்காவில் பழைய சாமான் விற்கும் வீடுகளில் எல்லாம் கிடைக்கும், அவ்வளவு சாதாரணமானது. பிளாஸ்டிக் குதிரைக்கு இன்ன இனம் என்று சொல்லும் உரிமை வைத்திருப்பவனுக்குத்தான். கம்பெனி என்ன சொல்லியிருந்தாலும் நாம் வேறு சொல்லலாம், உருவம் அதற்குப் பொருந்தினால் போதும். நான் தேசப்பற்றில் 'மார்வாரி' என்று எழுதிக் கட்டிவிட்டேன். நம் ராஜஸ்தான் குதிரை, இந்த ஊரில் யாருக்குத் தெரியப் போகிறது, ஒரு புதுமையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நடுவரம்மா வந்தார், சீட்டைப் படித்தார், குனிந்து குதிரையின் தலையைப் பார்த்தார், போய்விட்டார். கடைசி இடம். முடிந்ததும் போய்க் கேட்டேன். அவர் இரண்டு சுட்டுவிரல்களையும் தன் தலைக்கு மேல் வைத்து உள்பக்கமாக வளைத்து, நுனியோடு நுனி தொடுகிற மாதிரி காட்டினார். மார்வாரிக் குதிரையின் காது அப்படித்தான் இருக்கும், இரண்டு நுனிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. என் குதிரையின் காதோ நேராக நின்றது. இந்தியாவில் பிறந்து வளர்ந்த எனக்கு, இந்தியாவுக்கு வந்தே இராத ஒரு கென்டக்கி அம்மா காதைக் காட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அவர் மேல் கோபமே வரவில்லை. என் மேல்தான். ஆறு மாதம் அந்தக் குதிரை என் மேஜையில் இருந்தது, ஒருநாளும் நான் அதன் காதைப் பார்த்ததில்லை.

அதற்கப்புறம்தான் பார்க்கவே பழகினேன். நிறத்தில் தொடங்கினேன். 'வெள்ளைக் குதிரை' என்று குதிரைக்காரர்களிடம் சொல்லிவிட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். நாம் வெள்ளை என்று சொல்வதில் பெரும்பாலானவை அவர்கள் பேச்சில் 'கிரே'. பிறக்கும்போது கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்து, வருஷத்துக்கு வருஷம் நரைத்து வெளுத்தவை. மயிருக்குக் கீழே தோல் கறுப்பாகவே இருக்கும். அதனால் வெள்ளையாகப் பெயின்ட் அடித்த பொம்மையில் மூக்கைச் சுற்றி ரோஸ் நிறம் இருந்தால் நடுவர் யோசிப்பார். பழுப்பு உடம்பு, கறுப்புப் பிடரி, கறுப்பு வால், முழங்காலுக்குக் கீழே கறுப்பு என்றால் அது 'பே'. உடம்பும் பிடரியும் ஒரே செம்பழுப்பு என்றால் 'செஸ்ட்நட்'. எங்கள் ஊரில் மாட்டுக்கு இப்படித்தான் சொல்வார்கள், செவலை, மயிலை, காரி என்று. தாத்தா தூரத்தில் வரும் மாட்டைப் பார்த்தே யார் வீட்டு மயிலை என்று சொல்லிவிடுவார். சுழி பார்க்காமல் ஒரு கன்று வாங்கமாட்டார். அந்தக் கண் அவரோடு போய்விட்டது என்று நினைத்திருந்தேன். செஸ்ட்நட்டைச் செவலை என்று மனசுக்குள் மாற்றிக்கொண்ட பிறகு எனக்கு நிறம் குழம்பவே இல்லை. 'பே'க்கு மட்டும் இன்னும் ஒரு நல்ல சொல் கிடைக்கவில்லை, யாராவது மாட்டுக்காரர் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

குதிரைக்குச் சேணம் பூட்டி, வேலை செய்வது போலக் காட்டும் பிரிவும் உண்டு. அது தனி உலகம். கடிவாளம், அங்கவடி, வயிற்றுவார் எல்லாம் ஒன்பதில் ஒரு பங்கு அளவில், நிஜத் தோலில் தைத்திருப்பார்கள். வார்ப்பூட்டு ஒன்று அரிசியளவு இருக்கும். வாயில் வைக்கும் இரும்பு உதட்டோரத்தைத் தொடாமல் ஒரு நூலளவு தள்ளித் தொங்கினாலும் மதிப்பெண் போகும். தாண்டும் குதிரையாக இருந்தால் தடைக்கு எவ்வளவு முன்னால் கிளம்பியிருக்க வேண்டும் என்று அளந்து நிறுத்துவார்கள். ஒரு முறை முயன்றேன். வயிற்றுவாரை மாட்ட முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு அதிகம் பிடித்தது தப்புகள்தான். நல்ல குதிரையைவிடத் தப்பான குதிரைக்கு விலை கூடுதல். அறுபதுகளில் பிரையர் நான்கு விநோத நிறங்களில் குதிரை விட்டது: ஒன்று பீங்கான் தட்டு போல ஒரே நீலம், ஒன்று நீலத்தில் வெள்ளைப் புள்ளி, ஒன்று தங்கத்தில் வெள்ளைப் புள்ளி, ஒன்று மின்னும் தங்கம். வீட்டில் அலங்காரத்துக்கு வைப்பார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நீலக் குதிரையை யார் வாங்குவார்? சீந்த ஆளில்லை. விற்காததால் கொஞ்சந்தான் செய்தார்கள், கொஞ்சந்தான் செய்ததால் இன்று அதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் எனக்கு முடியும்.

இன்னொன்று 'சாக்கி', அதாவது சுண்ணாம்புக் குதிரை. எழுபதுகளில் எண்ணெய் நெருக்கடி வந்தபோது வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுப்பாடாகிவிட்டது. கிடைத்த கலர் பிளாஸ்டிக்கையெல்லாம் உருக்கி ஊற்றி, உள் நிறம் தெரியாமலிருக்க மேலே வெள்ளை அடித்து, அதன் மேல் குதிரை நிறம் அடித்தார்கள். கையில் பிடித்தால் மழமழவென்று இல்லாமல் சுண்ணாம்புச் சுவரைத் தடவின மாதிரி இருக்கும். அன்றைக்கு இது இரண்டாந்தரச் சரக்கு. இன்றைக்குக் குளம்பின் அடியைத் திருப்பிப் பார்த்து, வெள்ளை உரிந்த இடத்தில் உள்ளே பச்சையோ ஊதாவோ தெரிந்தால் ஆட்கள் துள்ளுகிறார்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது, ஓர் ஓஹியோ கிராமத்தில் யாரோ வீட்டு வாசலில் போட்டிருந்த பழைய சாமான்களில் நான்கு டாலருக்குக் கிடைத்தது. விற்றவர் அதன் முதுகில் சாவிக்கொத்தைத் தொங்கவிட்டிருந்தார்.

எல்லாமே இப்படி ஜெயித்த கதை என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று வருஷத்துக்கு முன் இணையத்தில் ஒருவரிடம் செக்ரட்டேரியட் குதிரை ஒன்று வாங்கினேன். 1973-இல் பெல்மான்ட் பந்தயத்தை முப்பத்தோரு குதிரை நீளத்தில் ஜெயித்த அந்தச் செவலைதான். 1987-இல் அதற்கு அச்சு செய்தவரும் ஹெஸ்தான். 'புத்தம் புதுசு, ஒரு கீறல் இல்லை' என்று எழுதியிருந்தார்கள். படங்களும் அப்படித்தான் இருந்தன. வந்தது. முதல் நாள் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் இரவு புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தால், இடது காதின் மேல் பாதி மட்டும் வேறு மாதிரி மினுங்குகிறது. காது உடைந்து, எபாக்சி பசையில் புதிதாகப் பிடித்து, பெயின்ட் அடித்து, கமுக்கமாக விற்றிருக்கிறார்கள். செய்தவர் கைகாரர், அதில் சந்தேகமில்லை. அவ்வளவு நல்ல வேலை தெரிந்தவர் 'காது ஒட்டியது' என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த வேலைக்காகவே வாங்கியிருப்பேன். கேட்டு எழுதினேன், பதில் இல்லை. இதில் எழுதாத விதி ஒன்றுதான்: ஒட்டலாம், பூசலாம், மாற்றலாம், ஆனால் விற்கும்போது சொல்லிவிட வேண்டும்.

மகளிடம் இதைச் சொன்னபோது அவள் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். "காதை நீங்க முதல்ல பாக்கலையா?" என்றாள். பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடச் சொன்ன அதே பெண்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அது ஏமாற்று இல்லை, விதி. இந்தக் குதிரைகள் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக். மரக்கூழிலிருந்தும் பஞ்சிலிருந்தும் எடுப்பது. பழைய சினிமாச் சுருள் இருக்கிறதே, அதே வகை. சுருள் கெட்டுப்போனால் பெட்டியைத் திறக்கும்போதே காடி நாற்றம் அடிக்கும் என்று லேப்காரர்கள் சொல்வார்கள். குதிரைக்கும் அதே வியாதி வருகிறது, எண்பதுகளின் கடைசியில் வார்த்த சிலவற்றில் அதிகம். மெல்ல மெல்லச் சுருங்கும், கால் வளையும், மேலெல்லாம் பிசுபிசுவென்று கசியும். என்னிடம் ஒரு கறுப்புக் குதிரை இருந்தது. அதே அச்சில் வந்த இன்னொன்றின் பக்கத்தில் நிறுத்தினால் ஒரு விரற்கடை குட்டை. "ஏங்க, ஊறுகாய் எதுவும் கொட்டிடுச்சா இந்த ரூம்ல?" என்று மனைவி கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. மருந்து கிடையாது. காற்றோட்டமாக, மற்றவற்றை விட்டுத் தள்ளி வைப்பதுதான் ஒரே வழி. கார் ஷெட்டில் வைத்திருக்கிறேன். தூக்கிப்போட மனசு வரவில்லை.

சின்ன வியாதிகளுக்குக் கைவைத்தியம் உண்டு. வெள்ளைக் குதிரை மஞ்சள் பூத்திருந்தால் சன்னலோரம் வெயிலில் நிறுத்த வேண்டும். சில வாரத்தில் வெளுத்துவிடும், வத்தல் மாதிரி அடிக்கடி திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதான். வெப்பத்தில் கால் கோணியிருந்தால் வெந்நீரில் முக்கி, இளகினதும் நிமிர்த்தி, உடனே குளிர்ந்த தண்ணீரில் விட வேண்டும். சமையலறைச் சட்டியில் செய்யாதீர்கள். ஒருமுறை செய்து, அந்தச் சட்டியையே வெளியே எறிய வேண்டியதாயிற்று.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனேன், புதுக்கோட்டைப் பக்கம். திருமயம் போகிற வழியில் நமணசமுத்திரத்தில் அய்யனார் கோயில், வழி நெடுக மண் குதிரைகள். சின்ன வயதில் எத்தனை தடவை அந்த வழியாக பஸ்ஸில் போயிருப்பேன். இந்த முறை இறங்கி நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன், பழக்கதோஷம், காதிலிருந்து. பாதிக்குக் காதே இல்லை. சிலவற்றுக்குத் தலை இல்லை. புதிதாக வைத்தது முன்னால் நிற்க, பழையது பின்னால் சரிந்து, அதற்கும் பின்னால் வெறும் கால்கள், அப்புறம் ஓட்டுக் குவியல். யாரும் ஒட்டுவதில்லை, பூசுவதில்லை, எடுத்துப் பத்திரப்படுத்துவதும் இல்லை. நேர்ந்து கொடுத்தாயிற்று, அதோடு சரி. மார்வாரிக் காதைக் காட்டிய அந்த நடுவரம்மா வந்தால் முதல் வரிசையிலேயே எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்: நான்கு காலும் தூண் மாதிரி, முட்டி இல்லை, குளம்பு இல்லை. ஆனால் அந்தக் காலை அப்படித்தான் செய்ய முடியும். காலிலிருந்துதான் மேலே கட்டிக்கொண்டே போகிறார்கள், அத்தனை ஈர மண்ணின் பாரத்தையும் அது தாங்க வேண்டும்.

குதிரை செய்யும் வேளார் பெரியவர் ஒருவர் வீட்டைத் தெரிந்தவர் ஒருவர் காட்டினார். திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். மண்ணோடு மணலும் உமியும் எவ்வளவு, எத்தனை நாள் நிழலில் காய வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தவன், தைரியம் வந்து போனில் என் அலமாரியின் படத்தைக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். செக்ரட்டேரியட்டைத் தொட்டு, "இது என்ன தம்பி, வயிறு ஒட்டிக் கெடக்கு? தீனி வைக்கலையா?" என்றார். பந்தயக் குதிரை ஐயா, அப்படித்தான் இருக்கும் என்றேன். "சரி. இதுல யாரு ஏறுறா?" "யாரும் ஏறுறதில்லைங்க. சும்மா வச்சிருக்கேன்." அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சும்மாவா" என்றார். கேள்வியா, வியப்பா என்று தெரியவில்லை.

முழங்கையளவு குதிரை ஒன்று கேட்டேன். விளையாட்டுக்குச் செய்து வைத்திருந்த சின்னது ஒன்று இருந்தது, அதைக் கொடுத்தார். வழியில் உடைந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டதற்கு, "ஒடைஞ்சா அடுத்த வருசம் வா" என்றார்.

இரண்டு துண்டு, ஒரு பழைய வேட்டி, மூன்று சட்டைக்குள் சுற்றி, கைப்பெட்டியிலேயே வைத்து, மடியை விட்டு இறக்காமல்தான் கொண்டுவந்தேன். வீட்டில் பிரித்தபோது இடது காது தனியாக வேட்டி மடிப்பில் கிடந்தது. ஒரு பழைய மாத்திரை டப்பாவில் அந்தக் காதைப் போட்டு, குதிரைக்குப் பக்கத்தில் வைத்தேன். எபாக்சி பசை டிராயரில் இருக்கிறது, எடுக்கவில்லை. அன்று இரவு மகள் வீடியோவில் வந்தாள். அலமாரியை ஒரு சுற்றுக் காட்டினேன், வேகமாகத்தான் காட்டினேன்.

"நிறுத்துங்கப்பா, அந்த மண்குதிரை. லெஃப்ட் காது எங்க?"